நள்ளிரவில் பறந்த மூடி: நொதித்தல் பற்றி வாசகர் கேள்வி, பதில்

சர்க்கரை ஆலை ஒன்றை ஒட்டிய வடிசாலையில், நொதித் தொட்டிப் பிரிவில் 31 ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டுக் கவுந்தப்பாடிப் பக்கம் ஓய்வில் இருப்பவர் பதில் சொல்கிறார்.

கேள்வி: ஐயா, கோபிச்செட்டிபாளையத்தில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். போன டிசம்பரில் மெல்போர்னில் இருக்கும் மகன் வீட்டுக்குப் போயிருந்தேன். வீட்டிலேயே பீர் காய்ச்சுவது அங்கே பல பேருக்குப் பொழுதுபோக்காம். கார் நிறுத்தும் அறையில் 30 லிட்டர் பிளாஸ்டிக் டிரம் வைத்திருக்கிறான். கோதுமை பீர் என்று சொல்லி 27 லிட்டர் சாறு ஊற்றி, ஈஸ்ட் தூவி, மூடியில் தண்ணீர் ஊற்றிய ஒரு சின்னக் குழாயைச் செருகி வைத்தான். அன்றைக்கு வெயில் 36 டிகிரி. இரண்டாம் நாள் ராத்திரி மூன்று மணிக்கு டமார் என்று சத்தம். போய்ப் பார்த்தால் மூடி ஒரு மூலையில் கிடக்கிறது, கூரையெல்லாம் பழுப்பு நுரை, காயப் போட்டிருந்த என் சேலை இரண்டும் வீண். அவன் குடிப்பதில் எனக்கு இஷ்டமில்லைதான். ஆனாலும் செய்கிறவன் ஆபத்தில்லாமல் செய்யட்டும் என்று நினைக்கிறேன். பக்கத்து அறையில் பேத்தி தூங்குகிறாள். ஏன் இப்படிப் பொங்கியது? அந்த பீர் கெட்டுப்போய்விட்டதா? மறுபடி நடக்காமல் என்ன செய்ய வேண்டும்?

பதில்: டீச்சரம்மா, உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு வேலைக்குச் சேர்ந்த முதல் வருடத்துத் தைப்பூச ராத்திரி ஞாபகம் வந்துவிட்டது. அதையே முதலில் சொல்கிறேன். பதிலும் அதற்குள்தான் இருக்கிறது.

பாதிப் பேர் காவடி எடுக்கப் பழனிக்குப் போய்விட்டார்கள். ராத்திரி ஷிஃப்டில் ஆள் குறைவு. நன்றாகப் பொங்கிக்கொண்டிருந்த தொட்டிக்குள் புது மொலாசஸ் (சர்க்கரை ஆலையில் மிஞ்சும் கழிவுப்பாகு) கரைசலை வெசையாகத் திறந்துவிட்டேன், சீக்கிரம் முடித்துவிடலாம் என்று. கால் மணி நேரத்தில் தொட்டியின் வாய் வழியாக நுரை எழும்பி, மேடையெல்லாம் வழிந்து, என் முழங்கால் வரைக்கும் வந்துவிட்டது. பயத்தில் ஒரு சாக்கை எடுத்து வாயை அடைக்கப் போனேன். எங்கள் மேஸ்திரி சென்னிமலைக்காரர். ஓடிவந்து என் கையைத் தட்டிவிட்டு, "நொரைய அடைக்காதடா, தண்ணியத் திருப்பு" என்று கத்தினார். தொட்டியின் வெளிப்பக்கம் வழிந்து குளிர வைக்கும் தண்ணீர்க் குழாயைத்தான் சொன்னார். அதை முழுசாகத் திறந்துவிட்ட பிறகு, சித்த நேரத்தில் பொங்கல் அடங்க ஆரம்பித்தது. அடுத்து வந்த 30 வருடமும் நான் அந்த ஒரு வரியை வைத்துத்தான் வேலை பார்த்தேன்.

உங்கள் மகன் டிரம்மில் நடந்ததும் அதுவேதான். மூடியை இறுக்குவதும் கனமான கல்லை ஏற்றுவதும் நுரையை அடைக்கும் வேலை. ஆற்ற வேண்டியது சூட்டை.

நீங்கள் கணக்கு டீச்சர் என்பதால் கணக்காகவே சொல்கிறேன். குளுக்கோஸ் 180 கிராம் நொதித்தால் 92 கிராம் ஆல்கஹாலும் 88 கிராம் கரியமில வாயுவும் வரும். சாதாரணமான 27 லிட்டர் பீர்ச் சாறு என்றால், அதில் ஈஸ்ட் தின்னக்கூடிய சர்க்கரை ஏறத்தாழ 2 கிலோ இருக்கும். அதிலிருந்து ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாக வாயு கிளம்பும். எடையில் பார்த்தால் சின்னதுதான். அளவில் பார்த்தால் 500 லிட்டருக்கு மேல்! அதிலும் பெரும்பங்கு முதல் இரண்டு மூன்று நாளிலேயே கிளம்பிவிடும். இத்தனையும் சுண்டுவிரல் தடிமன் ஓட்டை வழியாகப் போக வேண்டும். வெறும் வாயு என்றால் போய்விடும். கூடவே நுரையும், பீருக்குக் கசப்பு தரும் ஹாப்ஸ் பூவின் தூளும் ஏறிவந்து ஓட்டையில் அடைத்துக்கொண்டால் உள்ளே அழுத்தம் கூடிக்கொண்டே போகும். மூடி பறந்ததை நல்லகாலம் என்றே சொல்வேன். திருகு மூடி போட்ட கண்ணாடி ஜாடியாக இருந்திருந்தால் ஜாடியே வெடித்திருக்கும். அவனிடம் கண்ணாடி ஜாடி ஏதாவது இருந்தால், முதல் மூன்று நாள் பொங்கலுக்கு அதைப் பயன்படுத்த வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள்.

அடுத்தது சூடு. ஈஸ்ட் சர்க்கரையைத் தின்னும்போது வெப்பத்தை விடும். அந்த 2 கிலோ சர்க்கரை விடும் வெப்பம் துளிகூட வெளியே போகாமல் உள்ளேயே நின்றால், 27 லிட்டரையும் ஏறத்தாழ 10 டிகிரி ஏற்றிவிடும். நடப்பில் கொஞ்சம் வெளியே போய்விடுவதால், பொங்கும் நேரத்தில் டிரம்முக்குள் இருக்கும் சூடு அறையைவிட நாலைந்து டிகிரி கூடுதலாக இருக்கும். சூடு ஏறினால் ஈஸ்ட் இன்னும் வெசையாகத் தின்னும், அதனால் இன்னும் சூடு ஏறும். வண்டி பள்ளத்தில் இறங்குகிற மாதிரி, ஒரு கட்டத்துக்கு மேல் அதுவாகவே ஓடும். இந்த மாதிரி பீருக்கு உள்சூடு 18 முதல் 20 டிகிரி வரை இருப்பது நல்லது. 36 டிகிரி வெயில் அடித்த நாளில், காற்றோட்டம் இல்லாத கார் அறையில் 30 டிகிரியைத் தாண்டியிருக்கும் என்பது என் கணிப்பு. கோதுமையில் புரதம் அதிகம் என்பதால் நுரை தடிப்பாக நிற்கும். கோதுமை பீருக்கான ஈஸ்ட்டும் மேலே ஏறிப் பொங்கும் ஜாதி. இவ்வளவும் இருக்கையில் 30 லிட்டர் டிரம்மில் 3 லிட்டர் இடம் மட்டும் விட்டிருக்கிறான். பால் காய்ச்சுகிறவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை.

சரி, அடுத்த முறைக்கு. 30 லிட்டர் டிரம்மில் 22 லிட்டருக்கு மேல் ஊற்ற வேண்டாம். கோதுமை பீர் என்றால் 20 போதும். ஈஸ்ட் தூவும்போதே சாறு 18 டிகிரிக்கு இறங்கியிருக்க வேண்டும். பல பேர் 26, 27-லேயே தூவிவிட்டு, பிறகு ஆற்றிக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறார்கள். ஓட ஆரம்பித்த பிறகு ஆற்றுவது கஷ்டம்.

ஆற்றுவதற்கு ஃபிரிட்ஜ் இல்லையென்றால் நம் ஊர் முறையே போதும். வெயில் காலத்தில் தண்ணீர்ப் பானைக்கு ஈரச் சாக்கு சுற்றுவோமே, அதேதான். அகலமான தொட்டியில் முக்கால் அடி தண்ணீர் ஊற்றி, அதற்குள் டிரம்மை வைத்து, ஒரு பருத்தித் துண்டைச் சுற்றி, துண்டின் நுனி தண்ணீரில் நனைகிற மாதிரி விட வேண்டும். பக்கத்தில் ஒரு மின்விசிறி. மெல்போர்ன் வெயில் பெரும்பாலும் வறண்ட வெயில், ஈரம் நன்றாக ஆவியாகிக் குளிரும். போதவில்லையென்றால் தண்ணீர் நிரப்பி உறைய வைத்த பாட்டில் இரண்டைக் காலையிலும் பொழுது சாயவும் மாற்றி மாற்றித் தொட்டித் தண்ணீரில் போடலாம். ஐஸை டிரம்முக்குள் போடவே கூடாது. அதே மாதிரி பயந்துபோய் ஒரேயடியாகக் குளிர வைத்தால் ஈஸ்ட் சுருண்டு அடியில் படிந்துவிடும், வேலை பாதியில் நிற்கும். மெதுவாக இரண்டு மூன்று டிகிரி இறக்கினால் போதும். இந்தக் கவனமெல்லாம் முதல் மூன்று நாளுக்குத்தான். அதற்கப்புறம் சூடு கொஞ்சம் ஏறினாலும் ருசிக்கு அவ்வளவு கேடில்லை.

நுரைக்கு வழி விடுவது எப்படி? மூடியில் செருகும் அந்தச் சின்னக் குழாயை முதல் மூன்று நாலு நாளைக்குக் கழற்றி வைத்துவிடட்டும். அந்த இடத்தில் கட்டைவிரல் தடிமன் ஹோஸ் ஒன்றை இறுக்கமாகச் செருகி, மறுமுனையைக் கிருமிநாசினி கலந்த தண்ணீர் பக்கெட்டில் மூழ்க விட வேண்டும். பக்கெட் டிரம்மைவிடத் தாழ்வாக இருக்கட்டும். டிரம் குளிரும்போது பக்கெட் தண்ணீர் உள்ளே இழுபடாமல் இருக்க அது உதவும். வாயுவும் போகும், நுரை வந்தாலும் பக்கெட்டில் விழும், கூரை தப்பிக்கும். நுரை இறங்கிய பிறகு பழைய குழாயைக் கழுவி மாட்டிக்கொள்ளலாம்.

இன்னொன்று, நம் பக்கத்து வெல்ல ஆலைக்காரர்களுக்கு நன்றாகத் தெரிந்த விஷயம். கொப்பரையில் கரும்புச்சாறு பொங்கி வழியப் பார்த்தால் ஒரு கரண்டி விளக்கெண்ணெய் விடுவார்கள், இல்லாவிட்டால் கொட்டமுத்தை, அதாவது ஆமணக்கு விதையை, நசுக்கிப் போடுவார்கள். அப்படியே அடங்கும். எண்ணெய் போய் நுரைக் குமிழியின் தோலைக் கிழித்துவிடுகிறது. எங்கள் வடிசாலையிலும் டர்க்கி ரெட் ஆயில் என்ற ஒன்றைத்தான் தொட்டியில் விடுவோம். அதுவும் விளக்கெண்ணெயைக் கந்தக அமிலத்தில் பக்குவப்படுத்தி எடுப்பதுதான். கொப்பரையிலிருந்து தொட்டி வரைக்கும் கொட்டமுத்துச் செடிதான் எங்களைக் காப்பாற்றியது என்பதில் எனக்கு ஒரு பெருமை உண்டு. ஆனால் பீரில் எண்ணெய் விடக் கூடாது. குடிக்கும்போது டம்ளரில் நிற்க வேண்டிய நுரையும் செத்துவிடும். அதற்கென்று சிலிக்கோன் சொட்டு விற்கிறார்கள். குழந்தைக்கு வயிற்றில் காற்று சேர்ந்தால் கொடுக்கிறார்களே சிமெத்திகோன், அதே வகைதான். பீர் காய்ச்சும் சாமான் விற்கும் கடையில் கிடைப்பதை, அதன் மேல் போட்டிருக்கும் அளவுப்படி விட்டால் போதும். மருந்துக் கடைச் சொட்டில் வாசனையும் இனிப்பும் கலந்திருக்கும், அது வேண்டாம். சூட்டை ஆற்றினவனுக்கு இந்தச் சொட்டே தேவைப்படாது என்பது என் எண்ணம்.

அன்றைக்குப் பொங்கினது கெட்டுப்போயிருக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். மூடி பறந்ததால் மட்டும் கெடாது. அந்த நேரத்தில் உள்ளேயிருந்து வாயு வெளியே தள்ளிக்கொண்டே இருப்பதால் வெளிக்காற்று உள்ளே இறங்க வழி குறைவு. மூடியைக் கிருமிநாசினியில் கழுவி மறுபடி மூடினால் சரி. வழிந்த நுரையை வழித்து உள்ளே விடக் கூடாது, அவ்வளவுதான். ஆனால் சூட்டில் ருசி போயிருக்கலாம். கோதுமை பீர் ஈஸ்ட் இயல்பாகவே வாழைப்பழ வாசம் கொடுக்கும். பழுத்த கதலி மாதிரி இலேசாக வந்தால் அழகு. சூடு மிஞ்சினால் அது நகப்பூச்சு அழிக்கும் திரவத்தின் வாசமாகிவிடும். கூடவே கனத்த ஆல்கஹால்கள் கொஞ்சம் உண்டாகி, குடிக்கும்போது தொண்டையில் சுடும். அந்த வாசம் இருந்தால் மனசை விட்டுக் கொட்டிவிடச் சொல்லுங்கள். நாள்பட வைத்தாலும் அது பெரிதாக மாறாது.

வெசையாகப் பொங்கினது சீக்கிரம் அடங்கும். குமிழி நின்றுவிட்டது என்று உடனே பாட்டிலில் அடைத்துவிடப் போகிறான், அங்கேதான் எனக்குக் கவலை. உள்ளே சர்க்கரை பாக்கி இருந்தால் ஒவ்வொரு பாட்டிலும் ஒரு வெடி. சாற்றின் அடர்த்தியைக் காட்டும் ஹைட்ரோமீட்டரில் இரண்டு நாள் விட்டு இரண்டு முறை பார்த்து, இரண்டு முறையும் ஒரே அளவு காட்டினால்தான் அடைக்க வேண்டும். அடைக்கும்போது பாட்டிலில் சேர்க்கும் சர்க்கரையும் லிட்டருக்கு 6, 7 கிராமைத் தாண்ட வேண்டாம். கண்ணால் பார்த்துப் போடாமல் தராசில் நிறுத்துப் போடட்டும்.

பேத்தி விஷயம். 500 லிட்டர் வாயு என்றேன் இல்லையா. கார் அறை 6 மீட்டருக்கு 3 மீட்டர், உயரம் இரண்டரை மீட்டர் என்று வைத்தால் 45,000 லிட்டர் காற்று. மொத்த வாயுவும் அங்கேயே தங்கினால்கூட 1 சதவீதத்தைச் சற்றுத் தாண்டும், அதுவும் நாள்கணக்கில் பரவி. கதவிடுக்கு வழியாகப் போய்விடும், பயமில்லை. ஆனால் இதே டிரம்மை 2 மீட்டருக்கு 2 மீட்டர் சாமான் அறையில் வைத்துக் கதவைச் சாத்தினால் 10,000 லிட்டரில் 500, அதாவது 5 சதவீதம். 4 சதவீதமே உயிருக்கு ஆபத்தான அளவு. கரியமில வாயு காற்றைவிடக் கனம், தரையோடு படியும், நிறமில்லை. கிணறு தூர் வாரும்போது நம் பெரியவர்கள் விளக்கை இறக்கிப் பார்ப்பார்கள். அதையும் முழுசாக நம்ப முடியாது, விளக்கு எரிந்துகொண்டிருக்கும் போதே ஆள் மயங்கிவிழும் அளவு வாயு இருக்கலாம். ஆகவே டிரம் இருக்கும் அறையில் ஜன்னல் எப்போதும் திறந்திருக்க வேண்டும், அந்த அறையில் யாரும் தூங்கக் கூடாது. குழந்தை தரையில் தவழுகிற இடத்துக்குப் பக்கத்தில் டிரம் வேண்டவே வேண்டாம். இதில் மட்டும் அவன் "ஒன்றும் ஆகாதும்மா" என்றால் நீங்கள் கேட்காதீர்கள்.

சேலையில் பட்ட கறை பருத்தி என்றால் குளிர்ந்த தண்ணீரில் ஊற வைத்து அலசினாலே போய்விடும். வெந்நீர் போட்டால் கறை பிடித்துக்கொள்ளும்.

கேள்வி: திருப்பூரில் பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன், வயது 27. வெளிநாட்டு வீடியோ பார்த்து நானும் வீட்டில் பீர் செய்து பார்க்க ஆசை. சொந்த உபயோகத்துக்குக் கொஞ்சமாகச் செய்தால் தப்பில்லையே?

பதில்: தப்புதான் தம்பி. ஆஸ்திரேலியாவில் 1970-களின் தொடக்கத்திலிருந்தே வீட்டில் பீர் காய்ச்ச அனுமதி உண்டு, அங்கேயும் வீட்டில் சாராயம் வடிக்கக் கூடாது. இங்கே 1937-ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டப்படி உரிமம் இல்லாமல் எந்த மதுவும் தயாரிப்பது குற்றம், ஒரு லிட்டராக இருந்தாலும். நம் பக்கத்து சேலம் ஜில்லாவில்தான் அந்த வருடம் அக்டோபர் 1-ஆம் தேதி ராஜாஜி மதுவிலக்கை முதலில் கொண்டுவந்தார். சொந்த மரத்துக் கள்ளை இறக்கவே முடியாமல் நம் விவசாயிகள் இத்தனை வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அதன் நியாயம் தனி விஷயம், சட்டம் இருக்கிறவரை சட்டம்தான். அதனால் செய்முறை கேட்டு நீங்கள் எழுதியிருந்த மற்ற கேள்விகளுக்கு நான் பதில் சொல்லவில்லை, கோபித்துக்கொள்ளாதீர்கள். ஈஸ்ட் வேலை செய்வதைப் பார்க்கும் ஆசை உண்மையானது என்றால் புளித்த மாவில் ரொட்டி சுட்டுப் பாருங்கள். கோதுமை மாவும் தண்ணீரும் கலந்து, தினம் கொஞ்சம் புது மாவு போட்டு ஒரு வாரம் வளர்த்தால் ஜாடிக்குள் அதே உயிர் பொங்கும். சூடு, இடம், நேரம் என்று அதிலும் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது.

கேள்வி: பெருந்துறைப் பக்கம் மஞ்சள் போட்டிருக்கிறேன். பஞ்சகவ்யம் தயாரிக்கக் கள் கிடைக்காததால் ஈஸ்ட் போட்டேன். மூடி போட்ட பிளாஸ்டிக் டிரம் மூன்றாம் நாள் உப்பி, மூடி தெறித்து, சாணிக் கரைசல் சுவரெல்லாம் அடித்துவிட்டது. 20 லிட்டருக்கு ஈஸ்ட் அரைக் கிலோ போட்டேன். கலவையை வீசிவிடலாமா?

பதில்: வீச வேண்டாமுங்க. பஞ்சகவ்யத்தைப் பயிருக்கென்று பக்குவப்படுத்திப் பரப்பினவர் நம் கொடுமுடி டாக்டர் நடராஜன். அந்த முறையில் 20 லிட்டருக்குக் கள் 2 லிட்டர். கள் இல்லையென்றால் 100 கிராம் ஈஸ்ட் தூளும் 100 கிராம் வெல்லமும் 2 லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து, அரை மணி நேரம் விட்டுச் சேர்க்க வேண்டும். நீங்கள் ஐந்து மடங்கு போட்டுவிட்டீர்கள், அதற்கு மேல் மூடியையும் இறுக்கிவிட்டீர்கள். இதற்கு இறுக்கமான மூடியே தேவையில்லை. வாயகன்ற டிரம்மில் முக்கால் பாகம் மட்டும் நிரப்பி, ஈ முட்டை வைக்காமல் இருக்கக் கொசுவலையோ பருத்தித் துணியோ கட்டி, நிழலில் வையுங்கள். காலையும் மாலையும் கலக்கிவிட்டால் தேங்கிய வாயு போய்விடும். மிச்சமிருப்பதை இப்படி வைத்து 30 நாள் கழித்துப் பாருங்கள். புளிப்பும் பழவாசமும் இருந்தால் தெளிக்கலாம், அழுகல் நாற்றம் அடித்தால் மட்டும் எருக்குழியில் கொட்டுங்கள்.

கேள்வி: பவானியில் காலேஜ் படிக்கிறேன் தாத்தா. சித்திரை மாதம் வந்தால் போதும், ராத்திரி ஆட்டி வைத்த இட்லி மாவு விடிவதற்குள் போசியை விட்டு வழிந்து, மேடையெல்லாம் ஒழுகிக் கிடக்கிறது. மாவும் புளித்துவிடுகிறது. அம்மா என்னைத்தான் திட்டுகிறார்.

பதில்: கண்ணு, அதுவும் மெல்போர்ன் கதைதான். இட்லி மாவை எழுப்புவதில் பெரிய பங்கு லியூகோநாஸ்டாக் என்ற பாக்டீரியாவுக்கு. சூடு கூடினால் அதுவும் அதன் கூட்டாளிகளும் ஒரே ராத்திரியில் இரண்டு நாள் வேலையைச் செய்துவிடும். ஆட்டும்போதே கிரைண்டரில் மாவு சூடாகிவிடுகிறது, அதனால் சித்திரை, வைகாசியில் ஐஸ் தண்ணீர் விட்டு ஆட்டு. உளுந்தைக் கொஞ்சம் குறைக்கலாம், வெந்தயம் அரை ஸ்பூனோடு நிறுத்து. மாவைப் போசியில் பாதிக்கு மேல் ஊற்றாதே. பொழுது சாய ஆறு மணிக்கு ஆட்டாமல் ராத்திரி பத்து மணிக்கு ஆட்டினால் விடிகாலை சரியாக இருக்கும். முடியாதென்றால் ஒரு வாளியில் தண்ணீர் ஊற்றி அதற்குள் போசியை வை, மேலே தட்டைச் சும்மா மூடு, அடியில் ஒரு தாம்பாளத்தையும் வைத்துவிட்டுத் தூங்கப் போ.